புகையனின் இடக்கொம்பு

ஹாம்பர்க், 14 ஏப்ரல் 1997

அன்புள்ள கசோம்பி சித்தப்பாவுக்கு ரிப்புரே எழுதுவது.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்தியின் இருமல் நின்றதா? கடைசி மழையாவது பெய்ததா, மாடுகளுக்குப் புல் இருக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும் நர்ஸ் கசெய்ரே அக்காவுக்கும் என் வணக்கம்.

எங்கள் தரகு அலுவலகத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து உரியவரிடம் சேர்ப்பது. வேட்டைக்காரர்கள் அனுப்பும் தலை, கொம்பு, தோல் பெட்டிகளும் வரும். வெள்ளிக்கிழமை ஒரு காகிதக் கட்டைப் பிரித்தேன். மேல்தாளில் நம் ஒகக்கரரா பக்கத்துப் பண்ணையின் பெயர். கீழே, வேட்டையாடியவர் ஹார்ட்விக் லோமான். தேதி போன ஆகஸ்ட். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் அப்பா கடைசியாகத் தடம் பார்த்த வேட்டை அல்லவா அது? 'கூடூ மான் ஒன்று, மண்டையோடும் ஒரு ஜோடிக் கொம்பும்' என்று எழுதியிருக்கிறது.

செலவைக் கேட்டால் சிரிப்பீர்கள். கப்பல் கூலி, பெட்டி இறக்கும் கூலி, கால்நடை மருத்துவர் பார்க்கும் கட்டணம், வரி, எங்கள் தரகு, இதெல்லாம் முடிகிறவரை கிடங்கில் நாள் வாடகை. உயிரோடு திரிந்தபோது ஒரு காசும் கட்டாத பிராணி, செத்த பிறகு என் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது.

இந்தப் பெட்டிக்கு 'உள்ளே இருப்பது காகிதத்தில் உள்ளபடியே' என்ற உறுதிமொழித் தாளில் முதலாளி வோஸ் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். இது எனக்கு முதல் தடவை. எல்லாம் ஒழுங்காக முடிந்தால் அக்டோபரில் தரகர் உரிமத் தேர்வுக்கு என் பெயரை அனுப்புவார்.

விசா காகிதம் சிக்கிக்கொண்டதால் அப்பாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. அந்தப் பிராணியாவது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். சித்தி வெந்நீர் குடிக்கட்டும்.

உங்கள் மகள்,
ரிப்புரே

ஒகக்கரரா, 9 மே

மகளே ரிப்புரே,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. சித்தி இருமினாலும் என்னைத் திட்டும் பலம் குறையவில்லை. மழை ஏமாற்றிவிட்டது. உனக்கு அங்கே குளிருக்குப் போர்வை போதுமா? பண்ணைப் போனில் மட்டும் என்னைக் கூப்பிடாதே, பண்ணைக்காரரின் காது அந்தக் கம்பியிலேயே தொங்குகிறது.

நீ கேட்ட பிராணிக்கு நானும் அண்ணனும் எருதுக்கு வைப்பதுபோல் பெயர் வைத்திருந்தோம். புகையன். முதலில் பார்த்தது சுதந்திரத் தேர்தலுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த வருஷம், வறண்ட ஆற்றின் வளைவில், காலையில். அதன் பிறகு ஏழு வருஷத்தில் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் எங்கே, காற்று எந்தப் பக்கம், அவன் முதலில் எந்தக் காலைத் தூக்கினான், எல்லாம் சொல்வேன். அவ்வளவு பெரிய உடம்பு கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு முள்காட்டுக்குள் நுழையும். ஓர் இலை அசையாது. மூன்று முழு முறுக்குக் கொம்பு, மகளே. நின்று பார்த்தால் நமக்கு மூச்சு விட மறந்துபோகும். அண்ணன் தொப்பியைக் கழற்றிவிடுவான். பாதிரியார் வந்தாலும் கழற்றாதவன்.

ஒரு மானின் தலைக்கு இத்தனை பேர் காகிதம் எழுதி எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். எங்கள் அப்பாவின் அப்பா காலத்தில் ஜெர்மன்காரர்களோடு நடந்த போரில் நம் ஹெரேரோ ஆட்களின் தலைகளும் பெட்டியில் ஜெர்மனிக்குத்தான் போயின. அதற்கு யார் என்ன காகிதம் எழுதினார்கள் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். பெட்டியைத் திறந்து பார்ப்பார்களா, இல்லை காகிதத்தைப் பார்த்தே அனுப்பிவிடுவார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

சித்தப்பா கசோம்பி சொல்ல, எழுதியது கசெய்ரே

ஹாம்பர்க், 2 ஜூன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் நலம்தானே? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும். தூக்கம் மட்டும் குறைவு.

பெட்டியைத் திறந்தார்கள். துறைமுகக் கால்நடை மருத்துவர் ஸ்டெங்கல் என்ற அம்மாள். இருபது வருஷமாகக் கொம்பும் குளம்புமாகப் பார்த்துச் சலித்தவர். வலக்கொம்பைத் தூக்கியதும் அவருக்கே வாய் திறந்துவிட்டது. "அடேயப்பா! இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை" என்றார். அப்புறம் இடக்கொம்பை எடுத்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, உங்க ஊர் மானுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற வயசா?"

"ஏன் டாக்டர்?"

"இது ஒரு முழத்துக்கும் மேல குட்டை. முறுக்கும் ரெண்டரைதான். எலும்புல உட்காரவே மாட்டேங்குது, ஆடுது. ரெண்டு மிருகத்தை ஒரே காகிதத்துல கொண்டு வந்திருக்காங்க. யாரு கையெழுத்து இது?"

"என்னுதுதான்."

சட்டம் இதுதான், சித்தப்பா. செப்டம்பர் முப்பதுக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து உலையில் எரித்துவிடுவார்கள். அதுவரை கிடங்கு வாடகை ஓடும். வோஸ் என் மேசைமேல் கையை ஊன்றிச் சொன்னார்: "பெட்டி எரிஞ்சா உன் வேலையும் அதோட எரிஞ்சுது, புரியுதா?"

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தோலுரித்து, மண்டையை அவித்துச் சுத்தம் செய்தது நீங்கள்தானே? இரண்டு கொம்பும் ஒரே மிருகத்தினுடையவைதானே?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரிப்புரே

ஹாம்பர்க், 7 ஜூலை

சித்தப்பா,

வணக்கம். உடம்பு சுகம்தானே? தபால் தொலைந்ததா, நீங்கள் எழுதவில்லையா என்று தெரியவில்லை.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். இடக்கொம்பு ஆடாமல் இருக்க உள்ளே துணி திணித்திருந்தது. நீலத்தில் மஞ்சள் பூ. சித்தி நீள அங்கி தைத்துக்கொள்ள இங்கிருந்து நான் அனுப்பிய துணி. இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரிப்புரே

ஒகக்கரரா மருந்தகம், 18 ஜூலை

தங்கச்சி ரிப்புரே,

நலமா? இதை நானாக எழுதுகிறேன், உன் சித்தப்பா சொல்லவில்லை. அவருக்கு நோய் ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் இரண்டு கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். இரண்டாவதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். வியாழன்தோறும் வருகிறார், பெஞ்சில் உட்காருகிறார். நான் பேனாவை எடுப்பேன்.

"சொல்லுங்க தாத்தா."

"எழுதாதே."

"எழுதாட்டி எதுக்கு நாலு மைல் நடந்து வர்றீங்க? முழங்காலுக்கு வேற ஊசி கேக்குறீங்க."

"ஊசியைப் போடு. வாயை மூடு."

நேற்று வெளியே போனவர் திரும்பி வந்து கேட்டார்: "பிள்ளை வேலை போயிடும்னு எழுதியிருக்காளா, போகலாம்னு எழுதியிருக்காளா?" போய்விடும் என்றுதான் எழுதியிருக்கிறாய் என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு கல்லறைகள் இருக்கும் பக்கம் நடந்தார். வீட்டுக்கு அது வழி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கசெய்ரே

ஒகக்கரரா, 1 ஆகஸ்ட்

மகளே,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். கசெய்ரேயிடம் ஒரு சொல்லும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா காட்டில் வலியில்லாமல் போனான் என்று உனக்குச் சொன்னேன். அது பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பது நாள் புகையனின் தடத்தில் போனோம். ஒன்பதாம் நாள் மதியம் லோமான் சுட்டார். ஒரே குண்டு. அறுபது அடி ஓடி, மரமில்லாத வெட்டவெளியில் விழுந்தான். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து இடக்கொம்பில் கை வைத்தான். லோமான் அவனோடு நின்றார். நான் வண்டி கொண்டுவர ஓடினேன். திரும்பி வரும்போது அண்ணன் நெற்றியைக் கொம்பில் சாய்த்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, "எழுந்திரு கிழவா, இன்னும் தோலுரிக்கணும்" என்று அதட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொம்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

நம் இனத்து ஆண்மகன் கல்லறைமேல் என்ன இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அவனுடைய எருதுகளின் கொம்பு. அண்ணனின் எருதுகள் எல்லாம் பெரிய வறட்சி வருஷத்தில் செத்தன, கடைசியாக விழுந்தது நெற்றிவெள்ளை. அதன் பிறகு அவன் ஒரு கன்றுகூட வாங்கவில்லை. என் மாட்டை அறுத்து அதன் கொம்பை வைக்கலாம். ஆனால் அது அவன் மாடு இல்லையே. கொம்பில்லாத மேட்டுக்கு அடியில் அவனை எப்படி விடுவேன்?

மண்டையை அவித்து ஊறப்போட்டால் கொம்பின் ஓடு எலும்பிலிருந்து கழன்று வரும். இடக்கொம்பை எடுத்து வைத்துக்கொண்டேன். வேலியில் சிக்கிச் செத்துக் கிடந்த இன்னொரு கூடூவின் கொம்பை அந்த இடத்தில் மாட்டினேன். ஆடியது. துணி திணித்தேன். சுவரில் உயரத்தில் மாட்டப்போகிறவர்களுக்கு எந்தக் கொம்பானால் என்ன என்று நினைத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் கொம்பைத் தூக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஒரு பொம்பளை இருப்பாள் என்று நான் கண்டேனா? அந்த அம்மாளை எனக்குப் பிடித்துவிட்டது.

புகையனின் இடக்கொம்பு இப்போது உன் அப்பா கல்லறையில், கம்பத்தின் மேல் இருக்கிறது. இறக்குவதற்கு மூன்று தடவை ஏணி கொண்டுபோனேன். மூன்று தடவையும் ஏணியைச் சுமந்துகொண்டே திரும்பினேன். இறந்தவன்மேல் வைத்ததை எடுக்கக் கூடாது. ஆனால் நீ அவன் மகள். எடு என்று நீ ஒரு சொல் எழுதினால் எடுத்து அனுப்புகிறேன். அதன் பாவம் என்னோடு போகட்டும்.

எடுக்க வேண்டாம் என்றால் அந்த அம்மாளிடம் இதைக் கொடு. குற்றம் என்னுடையது. நான் சொல்வது உண்மையா என்று அவள் சோதிக்க வலக்கொம்பின் அடையாளம் சொல்கிறேன். அடியில் என் இரண்டு கையையும் வளைத்தால் கட்டைவிரல்கள் தொடாது. முதல் முறுக்கில் வெளிப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு வழவழப்பு, மரத்தில் உரசியது. இரண்டாம் முறுக்குக்கு மேலே மயிரிழை வெடிப்பு, நேராக வந்து பாதியில் இடப்பக்கம் திரும்பும். நுனி வெள்ளை, அதில் நகக்கீறல் அளவு சில்லு போயிருக்கும். ஓட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் அடியில் புழு துளைத்த ஓட்டை ஒன்று. ஒன்றுதான், இரண்டு இல்லை. கம்பு மணி நுழையாது.

கீழே இருப்பது என் கட்டைவிரல். மருந்தகத்து ஊதா மருந்தில் வைத்தேன்.

என்மேல் கோபம் இருந்தாலும் சாப்பிடாமல் இருக்காதே.

கசோம்பி

ஹாம்பர்க், 25 ஆகஸ்ட்

அன்புள்ள சித்தப்பா,

கொம்பை இறக்காதீர்கள்.

இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடிகிறது. நலமா, சித்தி நலமா? ஏணியைச் சுமந்த முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். அப்பா தனியாகப் போகவில்லை என்பதை ஒரு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

உங்கள் கடிதத்தை ஜெர்மனில் மாற்றி, ஊதா விரலோடு டாக்டர் ஸ்டெங்கலிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அப்படியே கிடங்குக்கு நடந்தார், நானும் பின்னால் போனேன். அளவுநாடா, கைவிளக்கு. வழவழப்பு இருந்தது. வெடிப்பில் விரலை ஓட்டினார், பாதியில் விரல் இடப்பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்தார். நுனிச் சில்லு இருந்தது. கடைசியில் மண்டியிட்டு ஓட்டுக்குள் விளக்கடித்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"ஒண்ணுதான்" என்றார். "இவர் இதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம்."

"படம் கிடம் வச்சிருக்காரா?"

"எழுதப் படிக்கவே தெரியாது, டாக்டர்."

கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் அந்தக் கொம்பை ஒரு தடவை தடவினார். இருபது வருஷத்தில் அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லையாம்.

அவர் முடிவு இது. வேலிக்கொம்பு மட்டும் எரியும். மண்டையோட்டையும் வலக்கொம்பையும் விடுவிக்கலாம். ஆனால் உரியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜோடிக்குப் பணம் கட்டிய மனிதர். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் புகார் கொடுத்தால் எல்லாம் உலைக்குத்தான் போகும், நானும் வெளியே. லோமானை வரச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

எனக்காகச் சித்தியிடம் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்புரே

ஹாம்பர்க், 20 செப்டம்பர்

அன்புள்ள சித்தப்பா,

எல்லோரும் நலமா? கசெய்ரே அக்கா, இதை மெதுவாக வாசியுங்கள்.

லோமான் நேற்று வந்தார். பணக்காரர் என்று நினைத்திருந்தேன். கால்வாய் மதகில் நாற்பது வருஷம் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக் கப்பல்களை ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றவர். அந்த ஒரு வேட்டைக்காக ஆறு வருஷம் சேமித்தாராம். வோஸ் வாசலிலேயே நின்றார், அவர் கத்துவதைக் கேட்க. நான் உங்கள் கடிதத்தை எடுத்தேன்.

"ஐயா, உங்க பெட்டியில இடக்கொம்பு உங்க மானோடது இல்லை."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒன்பது நாள் அந்தக் கொம்புக்குப் பின்னால நடந்தவன்மா நான். பண்ணையில காய வச்சிருந்தப்பவே பார்த்துட்டேன். அந்தத் தம்பிக்காரர் என் முகத்தையே பார்க்காம சுத்திச் சுத்தி வந்தார். எதுக்குன்னு கேக்கணுமா? விரலைப் பிரிச்சு எடுத்தப்ப நானும் கூட இருந்தேனே. கப்பல்ல வர்றதை இங்க யாரு அளக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு."

தடம் பார்த்த அந்தக் கிழவரின் மகள் நான் என்று அப்போதுதான் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். பிறகு, "உங்க அப்பா கடைசியா ஒண்ணு சொன்னார். என்னன்னு எனக்குத் தெரியாது. மூணு தடவை சொன்னார். கப்பல் பேரைக் கேட்டுக் கேட்டு மனசுல வச்சுப் பழகின காது இது, அதனால மறக்கல. சொல்லட்டுமா?" என்றார்.

சொன்னார், சித்தப்பா. ஹெரேரோ ஒரு சொல்லும் தெரியாத மனிதர், மதகுக்காரர் குரலில், அப்பா இழுத்துப் பேசுவதுபோலவே இழுத்துச் சொன்னார். வோஸ்கூட உள்ளே வந்துவிட்டார்.

"என்னம்மா அதுக்கு அர்த்தம்?"

"'வெயில்ல கெடக்கான், நிழலுக்கு இழு'ன்னு சொல்லியிருக்கார்."

"யாரை? மானையா?"

"மானைத்தான்."

அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இழுக்கலயே. பிடிச்சுக்கோன்னு சொல்றார்னு நெனச்சேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து மத்தக் கொம்பைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் சிரிச்சார். அப்புறம் பேசல. உங்க சித்தப்பா வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியேதான் இருந்தோம்" என்றார்.

கையெழுத்துப் போட்டார். கிடங்கு வாடகை முழுவதையும் தானே கட்டினார். வோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தரகில் மட்டும் ஒரு காசும் குறைக்கவில்லை. என் வேலை தப்பியது. தேர்வுக்கு இந்த வருஷம் பெயர் கொடுக்க மாட்டாராம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

போகும்போது லோமான் கேட்டார்: வலக்கொம்பையும் உங்களுக்கே திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்வீர்களா? செலவு அவருடையது. என்ன சொல்ல?

உங்கள் மகள்,
ரிப்புரே

ஒகக்கரரா, 16 அக்டோபர்

மகளே ரிப்புரே,

நாங்கள் நலம். நேற்று முதல் மேகம் வந்து எட்டிப் பார்த்தது. கசெய்ரேயால் உன் கடிதத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை, இரண்டு நோயாளிகள் காத்திருந்து திட்டினார்கள்.

கொம்பைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று கசெய்ரே தலைநகர் விண்ட்ஹோக்கில் உள்ள சுங்கத்துக்குப் போன் போட்டாள்.

"எந்த நாட்டு மிருகம்?" என்றானாம்.

"இந்த நாட்டு மிருகம்தான் சார்."

"எங்கேருந்து வருது?"

"ஜெர்மனி."

"அப்ப வெளிநாட்டு வேட்டைப் பொருள். இறக்குமதி அனுமதி வேணும், கால்நடைச் சான்றிதழ் வேணும், தரகர் வைக்கணும்."

புகையன் வெளிநாட்டான் ஆகிவிட்டான்! சித்தி சிரித்து இருமலே நின்றுவிட்டது.

லோமானிடம் சொல், அனுப்ப வேண்டாம். பார்த்ததை மறக்காதவன் என்று இந்த ஊரே என்னைச் சொல்லும், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. அன்று அண்ணனின் விரல்களைப் பார்த்தேன், எதிரே இருந்தவர் கை எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆளுக்கொரு கொம்பாக அவர்கள் இருவரும் அங்கேயே பிரித்துக்கொண்டுவிட்டார்கள். வலக்கொம்பை நான் கொடுக்கவில்லை, அது முதலிலிருந்தே அவருடையது. இடக்கொம்பை நான் திருடவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுவதற்கு யாரும் கட்டணம் கேட்க மாட்டார்களே.

அவருக்கு என் வணக்கம். அந்த ஸ்டெங்கல் அம்மாளுக்கும்.

மழை விழுந்ததும் வா, மகளே. உன் அப்பாவிடம் ஒரு நாள் உட்காரு. கையில் ஒன்றும் கொண்டுவராதே. வெறுங்கைக்குத் தரகர் தேவையில்லை.

சித்தப்பா கசோம்பி சொல்ல, எழுதியது கசெய்ரே